பார்வையை விசாரித்தவர்: இப்னுல் ஹைஸம்

குடும்பத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் இப்போதெல்லாம் நம் கைக்கு முதலில் வருவது ஒரு படம். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ. என்று ஏதோ ஒன்று. பெரிய உறையில் போட்டுத் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதவர் நம்மில் யார்? ஒன்றும் புரியாது, ஆனாலும் பார்ப்போம். பிறகு செல்போனில் அதைப் படமெடுத்து, வெளிநாட்டில் இருக்கும் டாக்டர் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோம்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. பெரியம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு மருத்துவர், வலது பக்கம் மேலே ஒரு நிழல் இருக்கிறது என்றார். இன்னொருவர் அதே ஃபிலிமைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்றார். இருவருமே அனுபவசாலிகள். அந்த ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பிறகு சி.டி. எடுத்ததில் அது என்றைக்கோ ஆறிப்போன பழைய தழும்பு என்று தெரிந்தது, அல்ஹம்துலில்லாஹ். இருவரில் யார் மீதும் நமக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது. ஒரே படத்தைத் தேர்ந்த இரண்டு கண்கள் பார்த்து வெவ்வேறாகச் சொல்வது எப்படி? நுட்பமான வித்தியாசங்களைத் தீர்ப்பதில் மனிதக் கண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இதைத் தேடிப் போனபோது நாம் போய்ச் சேர்ந்த இடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கெய்ரோ. எக்ஸ்ரேயைப் பற்றிக் கனவிலும் அறியாத ஒருவர், கண் எப்போது சரியாகப் பார்க்கிறது, எப்போது ஏமாறுகிறது என்று ஏழு பாகங்கள் கொண்ட நூல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைஸம். ஐரோப்பியர்கள் அவரை அல்ஹாசன் என்று அழைத்தார்கள்.

அவரைப் பற்றி நம் குழுக்களில் சுற்றும் ஃபார்வர்டு செய்திகளை எல்லோரும் படித்திருப்போம். கேமராவைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம், உலகின் முதல் விஞ்ஞானி முஸ்லிம் என்று ஒரு படமும் நான்கு வரியும் இருக்கும். படித்து மாஷா அல்லாஹ் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அவர் இன்றைய கேமராவைக் கண்டுபிடிக்கவில்லை. இருட்டறையில் சிறு துளை வழியே வரும் ஒளியை வைத்துச் சோதனைகள் செய்தார் என்பதே உண்மை. அவருடைய உண்மையான பெருமை இந்த நான்கு வரிக்குள் அடங்குவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஹிஜ்ரி 354, அதாவது கி.பி. 965 வாக்கில் இராக்கின் பஸராவில் பிறந்தார். இளமைக்காலம் பற்றி உறுதியாகக் கிடைப்பது குறைவு. கணிதம், வானவியல், கிரேக்கர்களின் நூல்கள் எல்லாவற்றிலும் தேர்ந்தவராக அவர் பெயர் இராக்கைத் தாண்டிப் பரவியிருந்தது. அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் எகிப்தில்தான் தொடங்குகிறது. அதை நமக்குச் சொல்பவர் இப்னுல் கிஃப்தீ. எகிப்தில் பிறந்து ஹலப் நகரில் அமைச்சராக இருந்து 1248இல் மறைந்த வரலாற்றாசிரியர். இப்னுல் ஹைஸமுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிந்தியவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அவர் சொல்லும் கதை இது. நைல் நதியில் ஓர் ஆண்டு வெள்ளம், இன்னோர் ஆண்டு வறட்சி. தாம் எகிப்தில் இருந்தால் அந்த நதியை ஒழுங்குபடுத்த ஓர் ஏற்பாடு செய்திருப்பேன் என்று இப்னுல் ஹைஸம் எங்கோ சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு அன்றைய எகிப்தின் ஃபாத்திமிய்யா ஆட்சியாளர் ஹாகிமின் காதுக்கு எட்டியது. ஹாகிம் அறிவாளிகளை ஆதரித்தவர். அதே சமயம் எந்த நேரத்தில் யாருடைய தலையை வாங்குவார் என்று சொல்ல முடியாதவர். பணமும் மரியாதையும் கொடுத்து இப்னுல் ஹைஸமை வரவழைத்தார். அவர் வந்தபோது கெய்ரோவுக்கு வெளியே கன்தக் என்ற ஊருக்குத் தாமே போய் எதிர்கொண்டு வரவேற்றார் என்கிறார் இப்னுல் கிஃப்தீ.

கொஞ்ச நாள் ஓய்வுக்குப் பின் வேலையாட்களையும் கட்டுமானக்காரர்களையும் அழைத்துக்கொண்டு இப்னுல் ஹைஸம் நைலின் கரையோரமாகத் தெற்கே புறப்பட்டார். போகிற வழியெல்லாம் பழைய எகிப்தியர்களின் கட்டடங்கள். அவற்றின் அளவும் கணிதத் துல்லியமும் அவரை அசைத்துப் பார்த்தன. இவ்வளவு அறிந்த மக்கள் இதே நதிக்கரையில் வாழ்ந்திருக்கிறார்கள். நான் நினைத்தது சாத்தியமாக இருந்திருந்தால் இவர்கள் செய்யாமல் விட்டிருப்பார்களா? அஸ்வானுக்குத் தெற்கே ஜனாதில் என்னும் பாறைப் பகுதியை அடைந்து, ஆற்றை இரு கரையிலிருந்தும் பார்த்து ஆராய்ந்த பிறகு அந்தச் சந்தேகம் உறுதியானது. தம் திட்டம் நடக்காது.

ஆயிரம் ஆண்டு கழித்து 1970இல் அதே அஸ்வான் பகுதியில் பெரிய அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆகவே அவர் எண்ணம் முட்டாள்தனமானது இல்லை, காலத்துக்கு முந்தியது என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். நமக்கு முக்கியமாகப் படுவது வேறு. தூரத்தில் இருந்தபடி முடியும் என்று சொன்னவர், நேரில் பார்த்ததும் முடியாது என்று ஒப்புக்கொண்டார். அதுவும் ஹாகிமின் முன்னால். வெட்கத்தோடு திரும்பி வந்து தோல்வியைச் சொன்னார். ஹாகிம் அதை ஏற்றுக்கொண்டு ஓர் அரசாங்க அலுவலைக் கொடுத்தார்.

அந்த வேலையை விரும்பி ஏற்கவில்லை, பயத்தில் ஏற்றார். எவ்வளவு நாள் இந்த மனிதரின் நிழலில் உயிரோடு இருக்க முடியும்? கடைசியில் பைத்தியம் பிடித்தவர்போல நடிக்கத் தொடங்கினார். சொத்துகள் அரசின் பொறுப்புக்குப் போயின. அவர் தம் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார். 1021இல் ஓர் இரவு, கழுதையில் ஏறி முகத்தம் குன்றுகள் பக்கம் போன ஹாகிம் திரும்பி வரவேயில்லை. அதன் பிறகுதான் இப்னுல் ஹைஸமின் புத்தி தெளிந்தது!

இந்தக் கதை முழுவதும் அப்படியே நடந்ததா? டமாஸ்கஸ் மருத்துவர் இப்னு அபீ உஸைபிஆ தம் நூலில், அவர் பைத்தியமாக நடித்தது பஸராவில், ஓர் அரசுப் பதவியிலிருந்து தப்பிக்க என்ற இன்னொரு வடிவத்தையும் பதிவு செய்திருக்கிறார். வீட்டுக் காவலில்தான் தம் பெரிய நூலை எழுதினார் என்று இணையத்தில் பரவலாக எழுதுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நூலை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த எகிப்தியப் பேராசிரியர் அப்துல் ஹமீத் ஸப்ரா, அது 1028க்கும் 1038க்கும் இடையில் எழுதப்பட்டது என்று கணித்தார். அதாவது விடுதலைக்குப் பின், அறுபதைக் கடந்த வயதில்.

அந்த விடுதலை வாழ்க்கை எளிமையானது. அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் வாசலருகே ஒரு குப்பாவில் தங்கினார். பிழைப்புக்கு நூல் படியெடுத்தார். யூக்ளிடின் வடிவகணிதம், தாலமியின் வானவியல் நூல், இவற்றுக்கிடையே படிக்கும் வேறு சில நூல்கள் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை தம் கையால் எழுதி முடிப்பார். அதற்கு 150 எகிப்திய தீனார் கிடைக்கும். அது அந்த ஆண்டின் செலவுக்குப் போதும். விலை பேசுவதே கிடையாதாம். மீதி நேரமெல்லாம் அவருடையது. பெரும் பதவியில் இருந்தவருக்கு இது இறக்கமா ஏற்றமா என்று நாம் வாதிடலாம். அவர் நூல்களின் பட்டியல் நூறைத் தொடுகிறது என்பது மட்டும் நம் முன்னால் இருக்கிறது.

பணத்தோடு அவருக்கிருந்த உறவைக் காட்டும் இன்னொரு சம்பவத்தை ளஹீருத்தீன் பைஹகீ எழுதியிருக்கிறார். (ஹதீஸ் இமாம் பைஹகீ வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையில் குழம்ப வேண்டாம்.) ஸிம்னானைச் சேர்ந்த ஸுர்காப் என்ற பிரபு பாடம் கற்க வந்தார். மாதம் 100 தீனார் கட்டணம் என்றார் இப்னுல் ஹைஸம். அவர் மூன்று ஆண்டுகள் கொடுத்துப் படித்தார். ஊர் திரும்பும் நாளில் அவ்வளவு பணத்தையும் எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் ஆசிரியர். கல்விமீது உண்மையான ஆசை இருக்கிறதா என்று பார்க்கத்தான் வாங்கினாராம். இன்று கோச்சிங் சென்டர் கட்டணம் கட்டும் பெற்றோர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள்.

இனி அந்த நூலுக்கு வருவோம். கிதாபுல் மனாழிர், காட்சிகளின் நூல்.

அவருக்கு முந்தைய கிரேக்கர்களில் யூக்ளிட், தாலமி போன்றோர் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று நினைத்தார்கள். வேறு சிலர் பொருளிலிருந்து ஓர் உருவம் கண்ணுக்கு வருகிறது என்றார்கள். இப்னுல் ஹைஸம், ஒளிபட்ட பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசையிலும் ஒளி பரவுகிறது, அதில் ஒரு பகுதி கண்ணுக்குள் நுழைகிறது என்று நிறுவினார். சூரியனை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கிறதே, வெளியிலிருந்து ஏதோ உள்ளே வந்து பாதிக்காமல் வலிக்குமா என்பது அவர் எடுத்த எளிய சான்றுகளில் ஒன்று. பாடப்புத்தகங்கள் அவரை நினைவில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆனால் நம் கேள்விக்கு விடை இருப்பது நூலின் இரண்டாம், மூன்றாம் பாகங்களில். ஒளி கண்ணுக்குள் வந்துவிட்டது. அதோடு பார்த்தல் முடிந்துவிடுகிறதா? இல்லை என்கிறார். கண் வெறுமனே உணர்வது ஒளியையும் நிறத்தையும்தான். முன்பே தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டு இது இன்னது என்று அடையாளம் காண்பது இரண்டாவது படி. அளவு, தூரம், ஒற்றுமை, வேற்றுமை போன்றவற்றைப் பகுத்துத் தீர்மானிப்பது மூன்றாவது. இந்தத் தீர்மானம் மின்னல் வேகத்தில் நடந்து முடிந்துவிடுவதால், நாம் யோசித்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. நேராகக் கண்டதாக நினைத்துக்கொள்கிறோம். தவறும் இந்த மூன்று படிகளில் எதிலும் நுழையலாம். மூன்றாம் பாகம் முழுவதும் பார்வையின் தவறுகளை இப்படிப் படிவாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்.

பார்வை சரியாக இருக்க எட்டு விஷயங்கள் அளவோடு இருக்க வேண்டும் என்கிறார். தூரம், பொருள் கண்ணுக்கு எதிரே இருக்கும் நிலை, வெளிச்சம், பொருளின் பருமன், அதன் அடர்த்தி, இடையிலுள்ள காற்றின் தெளிவு, பார்க்கும் நேரம், கண்ணின் ஆரோக்கியம். இவற்றில் எதுவும் குறைந்தாலும் கெடும், மிஞ்சினாலும் கெடும். வெளிச்சம் கூடினால் நன்றாகத்தானே தெரியும் என்று நாம் நினைப்போம். அவர் உதாரணங்கள் அதை மறுக்கின்றன. பகல் வெளிச்சத்தில் நட்சத்திரம் தெரிவதில்லை. மின்மினியின் ஒளி இருட்டில்தான் புலப்படும். ஒரே சாயத்தை வெள்ளைப் பரப்பில் புள்ளியாகத் தெளித்தால் ஏறத்தாழக் கறுப்பாகத் தெரிகிறது, கறுப்புப் பரப்பில் தெளித்தால் வெளிறித் தெரிகிறது. சாயம் ஒன்றுதான், பக்கத்தில் இருப்பது தீர்ப்பை மாற்றிவிடுகிறது. பல நிறம் பூசிய பம்பரம் வேகமாகச் சுழலும்போது ஒரே கலவை நிறமாகத் தெரிவதைக் காட்டி, நிறத்தை உணரவும் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் தேவை என்றார்.

பார்த்தலில் இரண்டு வகை இருப்பதாகவும் சொன்னார். ஒன்று பதீஹா, போகிற போக்கில் ஒரு பார்வை. மற்றது தஅம்முல், நின்று நிதானித்து ஆராயும் பார்வை. கண்ணின் நடு அச்சில் விழுவதுதான் மிகத் தெளிவாகத் தெரியும். ஆகவே ஒன்றை உண்மையாக அறிய வேண்டுமானால் கண்ணை நகர்த்தி, அந்த அச்சை அதன் ஒவ்வொரு பகுதியின் மீதும் கொண்டுபோக வேண்டும். ஏற்கனவே பழகிய பொருள் என்றால் முதல் பார்வையிலேயே ஒரு சிறு அடையாளம் போதும், மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும். நன்மையும் ஆபத்தும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இதை வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வாருங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்கப் பெருந்தொகையான மக்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. பெரிய ஃபிலிமா, சிறிய ஃபிலிமா, காகிதமா, எதில் எடுத்தால் நோய் தவறாமல் தெரியும்? செலவில் பெரிய வித்தியாசம் இருந்ததால் இது சாதாரணக் கேள்வி இல்லை. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களை நான்கு முறைகளிலும் படமெடுத்து, ஐந்து நிபுணர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். 1947இல் முடிவு வெளியானது. நான்கு முறைகளுக்கு இடையே இருந்த வித்தியாசத்தைவிட, படித்த நிபுணர்களுக்கு இடையே இருந்த வித்தியாசம்தான் பெரிதாக இருந்தது. அதைவிட வேடிக்கை, ஒரே நிபுணர் அதே படத்தைச் சில காலம் கழித்து மீண்டும் பார்த்தபோது தம் பழைய தீர்ப்போடு தாமே முரண்பட்டார். படங்களின் தரத்தை அளக்கப் போனவர்கள், அளவுகோலாக வைத்திருந்த கண்ணே ஆடுகிறது என்று கண்டு திகைத்தார்கள். அதைத் தொடர்ந்து சான் பிரான்சிஸ்கோவின் கதிரியக்க மருத்துவர் ஹென்றி கார்லண்ட் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து, நோய் அடையாளம் இருக்கும் மார்புப் படங்களில் சுமார் 30 சதவீதத்தைத் தேர்ந்தவர்களும் தவறவிடுகிறார்கள் என்று எழுதியபோது சக மருத்துவர்கள் சந்தோஷப்படவில்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த எட்டு நிபந்தனைகளை எக்ஸ்ரே அறைக்குள் நாம் மீண்டும் பார்க்கலாம். அக்காலத்தில் ஃப்ளூரோஸ்கோப் திரையில் மங்கலான உருவத்தைப் பார்க்கும் மருத்துவர்கள், வேலைக்கு முன் நெடுநேரம் சிவப்புக் கண்ணாடி அணிந்து கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொள்வார்கள். 1916இல் வந்த பழக்கம் அது. வெளிச்சமும் நேரமும்! இன்றும் ரேடியாலஜிஸ்ட் உட்காரும் அறை மங்கலாகத்தான் இருக்கும். அவர் பார்க்கும் திரை நம் வீட்டு டிவி போன்றது இல்லை. சாம்பல் நிறத்தின் ஒவ்வொரு படியும் கண்ணுக்குச் சம வித்தியாசமாகத் தெரியும்படி அளந்து சரிசெய்யப்பட்டது. ஜன்னலில் பிடித்த ஃபிலிமும், வாட்ஸ்அப்பில் சுருங்கிப் போன படமும் மச்சானுக்கு ஏன் போதாது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. வெளிச்சமும் பருமனும் தெளிவும் அளவு தவறிப் போய்விட்ட ஒன்றை அனுப்பிவிட்டு அவரிடம் தீர்ப்புக் கேட்கிறோம். முடிந்தால் ஆஸ்பத்திரியில் மூலப் படக் கோப்புகளைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்கி அனுப்புங்கள். பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். பெரியம்மாவின் பழைய எக்ஸ்ரே பரண் மேல் இருந்திருக்கிறது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் அந்த ஒரு வாரத் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

பதீஹாவும் தஅம்முலும்கூட ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டிருக்கின்றன, அந்தப் பெயர்களில் இல்லாவிட்டாலும். 1975இல் வெளியான ஓர் ஆய்வில் மார்பு எக்ஸ்ரே படங்களை ரேடியாலஜிஸ்டுகளுக்கு ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே காட்டினார்கள். கண்ணை நகர்த்தவே நேரம் கிடையாது. அந்த ஒரு பார்வையில் சுமார் 70 சதவீதக் கோளாறுகளைச் சொல்லிவிட்டார்கள். பழகிய கண்ணின் பலம் அது. மீதியைக் கண்டுபிடிக்கத்தான் நிதானம் தேவைப்பட்டது. 2013இல் இதன் மறுபக்கம் வெளிவந்தது. நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடச் சொல்லி 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்தார்கள். அந்தப் படங்களுக்குள் ஒரு கொரில்லாக் குரங்கின் உருவத்தை ஒளித்து வைத்திருந்தார்கள், சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணசைவைப் பதிவு செய்த கருவி, அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண் நேராகக் குரங்கின் மீதே போய் நின்றதைக் காட்டியது. கண் உணர்ந்தது, மனம் அடையாளம் காணவில்லை. இப்னுல் ஹைஸம் பிரித்து வைத்த படிகள் இதில் எவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளை மருத்துவரிடம் போய்ச் சண்டை பிடிக்கக் கூடாது. அந்த 20 பேரும் கவனக்குறைவானவர்கள் இல்லை. கட்டியைத் தேடு என்றதால் கட்டியைத் தேடினார்கள். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸ்கேனுக்கு அனுப்பும்போது எங்கே வலி, எத்தனை நாளாக, முன்பு என்ன சிகிச்சை என்பதை மறைக்காமல் சொல்லி எழுதி வாங்குவது. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவரின் கண் அங்கே நின்று பார்க்கும். மருத்துவத் துறையும் சும்மா இருக்கவில்லை. புதிய ஸ்கேன் முறையையோ குறைந்த கதிர்வீச்சில் எடுத்த படத்தையோ மதிப்பிடும்போது, எது எந்த முறையில் எடுத்தது என்று பார்ப்பவருக்குச் சொல்வதில்லை. வரிசையைக் கலைத்துப் போடுகிறார்கள். சில படங்களை அவருக்கே தெரியாமல் மறுபடி காட்டி, தம்மோடு தாமே ஒத்துப்போகிறாரா என்றும் பார்க்கிறார்கள். கண்ணுக்கு வழவழப்பாக அழகாகத் தெரியும் படம், நோயை நன்றாகக் காட்டும் படமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது இப்படித்தான் தெரியவந்தது.

தம் தீர்ப்பையே சந்தேகிக்கும் இந்தக் குணம் இப்னுல் ஹைஸமிடம் ஊறிப் போயிருந்தது. தாலமியின் வானவியலை விமர்சித்து அவர் எழுதிய நூலின் தொடக்கத்தில், உண்மையைத் தேடுபவன் முன்னோரின் நூல்களை அப்படியே நம்பிவிடக் கூடாது, படிப்பதையெல்லாம் எதிர்த்து நின்று சோதிக்க வேண்டும் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. சோதிக்கும்போது தன்னையும் சந்தேகத்தின் கீழ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விருப்பு வெறுப்பில் விழுந்துவிடுவான் என்கிறார். ஆண்டுதோறும் தாலமியின் நூலைத் தம் கையால் படியெடுத்து அதில் சோறு தின்றவர் எழுதியது இது என்பதை மறந்துவிடக் கூடாது.

கிதாபுல் மனாழிரின் முன்னுரையில் இதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்திருக்கிறார். இதே துறையில் தாம் முன்பு ஒரு நூல் எழுதியதாகவும், அதில் பல இடங்களில் உறுதியான நிரூபணம் இல்லாமல் மனதுக்குப் பட்ட வாதங்களை வைத்து எழுதிவிட்டதாகவும், அது யார் கைக்காவது கிடைத்தால் ஒதுக்கிவிட வேண்டும் என்றும் தாமே எழுதி வைத்தார். நைல் கரையில் செய்த அதே வேலை. இந்த முறை ஹாகிம் இல்லை, கேட்டவர் யாருமில்லை, சொல்லாமலே விட்டிருக்கலாம்.

1040 வாக்கில் கெய்ரோவில் வஃபாத்தானார். அவர் மறைவுக்குப் பின் அந்தப் பெரிய நூல் முஸ்லிம் உலகில் நெடுங்காலம் அதிகம் படிக்கப்படாமல் கிடந்தது என்பது நமக்குக் கசப்பான செய்தி. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் பாரசீகத்தில் கமாலுத்தீன் ஃபாரிஸீ என்ற மாணவர் ஒளி பற்றிய சந்தேகங்களோடு தம் ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸீயிடம் போனார். இளமையில் ஒரு நூலகத்தில் கண்ட இந்த நூலை நினைவில் வைத்திருந்த ஆசிரியர், தூர தேசத்திலிருந்து அதை வரவழைத்துக் கொடுத்தார். ஃபாரிஸீ அதற்கு விரிவுரை எழுதினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகப் பாவித்து வானவில்லின் ரகசியத்தையும் அவிழ்த்தார்.

அதற்கு முன்பே ஐரோப்பாவில் அது லத்தீனுக்குப் போய்விட்டது. ரோஜர் பேக்கன் முதல் கெப்ளர் வரை அதைப் படித்து அதன் மேல் கட்டினார்கள். 1572இல் பாஸல் நகரில் அச்சாகியது. ஆனால் அந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் முதல் பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்கள் இல்லை. பழைய நூலை ஒதுக்கிவிடுங்கள் என்று அவர் எழுதிய முன்னுரை அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. ஐரோப்பா அவருடைய விடைகளைப் படித்தது, அந்த ஒப்புதலைப் படிக்கவில்லை.

2003இல் வெளியான இராக்கின் பத்தாயிரம் தீனார் நோட்டில் அவர் உருவம் இருந்தது. யாரும் அவரைப் பார்த்து வரைந்ததில்லை என்பதால் அது ஓவியரின் கற்பனைதான். அவருடைய கண் எப்படிப் பார்த்தது என்பதற்கு நெருக்கமான இன்னொரு படம் இஸ்தான்பூலின் சுலைமானிய்யா நூலகத்தில் இருக்கிறது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1083 வாக்கில் பஸராவில் அவருடைய மருமகன் தம் கையால் படியெடுத்த கிதாபுல் மனாழிரின் பிரதி அது. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு கண்கள், நடுவே மூக்கு, கண்களின் பின்னாலிருந்து புறப்பட்டு உள்ளே ஒன்றுசேரும் இரு நரம்புகள், ஒவ்வொரு பகுதியின் அருகிலும் சிறிய எழுத்தில் அதன் பெயர்.